தெருப்பக்கம் பார்த்த ஏசி

கீரப்பாளையம்,
ஞாயிறு காலை.

கடலூரில் செல்வாக்கோடு வாழும் மச்சான் ஞானசேகரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை இருசம்மாளைக் கட்டிய தங்கராசு கைகூப்பி எழுதுவது. இங்கே நானும், உங்கள் தங்கையும், மகள் இசைவாணியும், எங்கள் ஏசியும் நலம். அங்கே உங்கள் முழங்கால் நலமா?

"சந்தோஷம் மனசுல இருக்கு மாப்ள, சாமான்ல இல்ல" என்று போனில் சொன்னீர்களே, அது தப்பு என்று நிரூபித்துவிட்டேன். சிதம்பரத்தில் ஒரு லாட்ஜை இடித்தபோது ஏசியின் வெளிப்பெட்டி ஒன்று பழைய இரும்புக் கடைக்கு வந்தது. மந்திரி தங்கிய ரூம் பெட்டி என்றார் கடைக்காரர். தெருவில் நான் இரண்டு மந்திரி என்று சொல்லிவைத்தேன். உள்ளே மாட்டுகிற பெட்டி எதற்கு, தெருவில் போகிறவன் உள்ளே வந்தா பார்க்கப் போகிறான்? முன்சுவரில் மாட்டினேன். அன்றிலிருந்து பால்காரர் என்னை சார் என்கிறார். எதிர்வீட்டு ராபர்ட், "குளிருக்குப் போர்வை வேணுமாண்ணே?" என்று அன்பாக விசாரிக்கிறார். கேலி என்கிறாள் உங்கள் தங்கை. அவளுக்கு எல்லாமே கேலி.

நேற்று மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இசைவாணியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் அன்பரசு, அப்பா ராமாமிர்தம். பெரிய இடம் மச்சான்! முன்னாடியே போய் நோட்டம் விட்டுட்டு வந்தேன், அவுங்க சுவத்துல நாலு பெட்டி தொங்குது, நாலு! அந்த இடம் கைநழுவிடக் கூடாதுன்னு நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒக்காந்திருக்கேன், அஞ்சு நிமிஷத்துல ராமாமிர்தத்துக்குச் சட்டை நனைஞ்சுபோச்சு.

"என்னங்க, ஏசி போடலியா?"

"பொண்ணுக்குச் சளி புடிச்சுக்கும்."

"நம்ம தொழிலே ஏசி ரிப்பேர்தான். வந்ததுக்கு ஒரு சர்வீஸ் பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்" என்று வண்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். மூடியைக் கழற்றினால் உள்ளே மோட்டாரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அணில் கூடு, மூன்று குட்டி. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். போச்சு, சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். இசைவாணிதான் வாயைத் திறந்தாள்: "எங்க வூட்டுல அதுங்க மட்டுந்தான் மாமா ஏசில இருக்குதுங்க."

ராமாமிர்தம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த வாயி நம்ம வூட்டுக்கு வேணும்டா" என்று மகனிடம் சொல்லி, வரும் வெள்ளிக்கிழமையே நிச்சயதார்த்தம் என்று முடித்துவிட்டார். பெட்டி இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா? காலிப் பெட்டிக்கே இவ்வளவு சந்தோஷம் என்றால், ஓடுகிற பெட்டி நாலு உள்ள வீட்டில் என் மகள் எப்படி இருப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் குளுகுளுவென்று நூறாண்டு வாழ்க.

குளிர்ந்த மனதுடன்,
தங்கராசு

பின்குறிப்பு: இப்போதுதான் மாப்பிள்ளையோடு போனில் பேசிவிட்டு வந்து இசைவாணி சொல்கிறாள். அந்த நாலு பெட்டியும் ரிப்பேருக்கு வந்து, ஓட்டிப் பார்க்கச் சுவரில் மாட்டியவையாம், ஊரார் வீட்டுச் சொத்தாம். அவர்களுக்குச் சொந்தம் கழுத்து திரும்பாத ஒரு டேபிள் ஃபேன்தானாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள் மச்சான், இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷம் மனசில் என்று அன்று போனில் நீங்கள் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லவேண்டாம். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு ஃபேன் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கொல்லைப்பக்கமாக வாருங்கள், முன்பக்கம் ஏசி இருக்கிறது.