சுங்கை மெலாத்தியின் முதல் மேயர் தேர்தல்

மலேசியாவின் ஈப்போவில் குனோங் ராபாட் பகுதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சுங்கை மெலாத்தி மாநகரம் வரும். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்தது, பிறகு வீடுகள் எழுந்து தாமான் ஆனது, போன வருடம் மேலிடம் மனமிரங்கி மாநகரம் என்று அறிவித்துவிட்டது. மறுநாளே பெயர்ப்பலகை மாறியது. சாக்கடைக்கு மட்டும் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

இப்பேர்ப்பட்ட மாநகரத்தின் மன்ற உறுப்பினர் தர்மேந்திரனுக்கு ஒரு நாள் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது ஓர் உயரிய எண்ணம் உதித்தது. டத்தோ பட்டம் வாங்கிய மேயர் உஸ்மானை எதிர்த்துத் தாம் போட்டியிட வேண்டும். கண்ணாடியில் தெரிந்த முகம் அதை உடனே வழிமொழிந்தது. நேராக நஜ்முதீனின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் செய்தியை வெளியிட்டார்.

"அண்ணே, மேயருக்கு ஏதுண்ணே ஓட்டு? மேலருந்துதானே போடுறாங்க லா?" என்றார் நஜ்முதீன்.

"அதான் வசதி மச்சான். ஓட்டு இருந்தாத்தானே தோக்க முடியும்?"

நஜ்முதீன் தேநீரை இன்னும் ஒரு முறை உயர்த்தி ஆற்றினார்.

தர்மேந்திரனின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. மன்றக் கூட்டத்தில் அவர் சாக்கடை என்பார். மேயர் நிமிராமலே, "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்பார். அவர் தெருவிளக்கு என்பார். அதுவும் கவனத்தில் கொள்ளப்படும். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு அழுகையே வரும். ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தாம் சொல்ல வேண்டும், உஸ்மான் கேட்க வேண்டும். வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

ஆகவே, மக்கள் கருத்தறியும் வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, முடிவை மேலிடத்துக்கு அனுப்புவது என்று அவர் தீர்மானித்தார். முறைப்படி மேயரிடம் அனுமதி கேட்கப் போனார்.

டத்தோ உஸ்மான் கோபப்படவில்லை. "தாராளமா நடத்துங்க. திறப்பு விழா எப்போ?"

"திறப்பு விழாவா, டத்தோ?"

"இந்த மாநகரத்தில ஒரு நிகழ்ச்சி நடந்தா மேயர்தான் திறந்து வைக்கணும். என்னை எதிர்த்து நடந்தாலும் மரபு மரபுதான்."

தர்மேந்திரனால் மறுக்க முடியவில்லை. தமது எதிரிக்கு மாலையும், பட்டுத்துணி போர்த்திய நாற்காலியும், நினைவுச் சின்னமும் தம் செலவிலேயே ஏற்பாடு செய்தார்.

"அதெல்லாம் சரிங்க," என்றாள் அவர் மனைவி பிரமிளா. "லக்கி டிரா வச்சிருக்கீங்களா?"

"இது ஜனநாயகம், பிரமிளா."

"ஜனநாயகத்துக்கு யாரு வருவா? ரைஸ் குக்கர் இருந்தாத்தான் வருவாங்க."

குக்கர் வாங்கப்பட்டது. மின்விசிறியும் வாங்கப்பட்டது. நோட்டீசில் குக்கர் பெரிதாகவும் ஜனநாயகம் சிறிதாகவும் அச்சாயின. ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. டத்தோ உஸ்மான் கோங் மணியை அடித்துத் தேர்தலைத் திறந்து வைத்து, தம்மை எதிர்க்கும் தர்மேந்திரனின் துணிவைப் பாராட்டி ஒரு மணி நேரம் பேசினார். விருந்துக்கு வைத்திருந்த பீஹூன் சேமியா ஆறிப்போனது.

பிறகு ஆளுக்கொரு சீட்டு கொடுக்கப்பட்டது. 'நீங்கள் விரும்பும் மேயர்' என்று மேலே போட்டு, கீழே 'பெயர்' என்று கோடு இழுத்திருந்தார்கள். இந்த ஊர் மக்கள் எத்தனையோ விருந்துகளில் எத்தனையோ லக்கி டிரா சீட்டுகளைப் பார்த்தவர்கள். சீட்டு, பெயர், கோடு என்று கண்டால் அவர்கள் கை தானாக ஓடும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் வழக்கம் யாருக்கும் கிடையாது.

தர்மேந்திரன் மேடையேறி முதல் சீட்டைப் பிரித்தார். "நல்லம்மாள்," என்று படித்தார்.

"ஐயோ, நான்தான்!" என்று கத்திக்கொண்டு ஒரு அம்மா மேடைக்கு ஓடி வந்தார். "குக்கரா, ஃபேனா?"

"இருங்கக்கா. இது ஓட்டு."

அடுத்த சீட்டில் சன்னாசி என்றிருந்தது. பக்கத்திலேயே ஐ.சி. அடையாள அட்டை எண்ணும் கைப்பேசி எண்ணும் இருந்தன. சன்னாசியும் ஓடி வந்தார். அதற்கடுத்தது ராமையா. சீட்டைப் பிரிக்கப் பிரிக்க மேடையில் கூட்டம் கூடியது. தர்மேந்திரன் என்று ஒரே ஒரு சீட்டு வந்தது, அது அவரே எழுதியது. இன்னொன்றில் பிரமிளா என்றிருந்தது.

"நீயுமா?" என்றார்.

"நம்ம குக்கர் பழசாப் போச்சுங்க. உங்களுக்குத்தான் நீங்க போட்டுக்குவீங்களே."

டத்தோ உஸ்மானுக்கு ஒரு ஓட்டும் விழவில்லை. திறப்பாளர் பரிசு வாங்கக்கூடாது என்ற விதி அவருக்குத் தெரியும். அவர் சீட்டில், விழாவுக்கு வராத தம் மனைவி டத்தின் ரஸ்னாவின் பெயரை எழுதியிருந்தார்.

முடிவு அப்படியே மேலிடத்துக்குப் போனது. வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் வந்தது. நஜ்முதீன் கடையில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, தர்மேந்திரன் அதை உரக்கப் படித்தார்.

"சீட்டுகளில் பெயர் உள்ளோர் அனைவரும் தலா ஒரு வாக்குப் பெற்றுச் சமநிலையில் உள்ளனர். அவர்களில் எவரை நியமித்தாலும் மற்றவர்களுக்கு அநீதி இழைத்ததாகும். எனவே எந்த வாக்கும் பெறாத நடுநிலையாளர் ஒருவர் தேவைப்படுகிறார். இத்தகுதி டத்தோ உஸ்மானிடம் மட்டுமே இருப்பதால், அவரது பதவிக்காலம் நீட்டிக்கப்படுகிறது."

கடை கொந்தளித்தது. "என்ன அநியாயம் இது!" என்று மேசையைத் தட்டினார் சன்னாசி. "நம்மள ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்றார் நல்லம்மாள். மறுபடியும் ஒரு தேர்தல் நடத்தியே ஆக வேண்டும், பரிசு கிரிசு ஒன்றும் கூடாது, ஊரே ஒரே ஆளுக்குப் போட வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. தர்மேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, அப்ப அந்த ஒரு ஆள் யாரு?" என்று கேட்டார் நஜ்முதீன்.

ஒவ்வொருவராக, மிகுந்த அடக்கத்துடன், தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.