கார் கடனை அடைக்கப் போன சனிக்கிழமை

ஆசிரியர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. "புரியவில்லை" என்ற சொல்லை வருடம் முழுக்க மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டுக்கேட்டு, அது நாமும் சொல்லக்கூடிய ஒரு சொல் என்பதே மறந்துவிடும். இருபது வருடமாக மேல்நிலை வகுப்புக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிற எனக்கு இந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. அது தெரியவந்தது ஒரு சனிக்கிழமை காலையில், கோரிப்பாளையத்தில் ஒரு மாடி அலுவலகத்தில்.

ஐந்து லட்சம் கடன் வாங்கி ஒரு சின்னக் கார் எடுத்திருந்தோம். ஐந்து வருடத் தவணை. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியாகிவிட்டது. அந்தச் சமயத்தில் கீழக்குயில்குடிப் பக்கம் என் மனைவி எஸ்தரின் குடும்ப நிலம் விலைபோய், அவள் பங்காக மூன்று லட்சம் வந்தது. அவளுடைய அப்பா ஊரார் வயலிலெல்லாம் கூலிக்கு நாற்று நட்டுச் சேர்த்த காசில் வாங்கிய முக்கால் ஏக்கர் அது.

"எங்கப்பா ஒரு ரூபா கடன் இல்லாம வாங்குன நிலங்க அது. அந்தக் காசுல மொதல்ல கார் கடன அடைச்சிரணும். அம்புட்டுத்தான்" என்றாள் எஸ்தர். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் "அம்புட்டுத்தான்" என்றால் மணி அடித்துவிட்டது என்று பொருள்.

ஆனால் அவளுடைய தம்பி ஜெபராஜ் அப்படி விடவில்லை. சிம்மக்கல்லில் பேப்பர் பிளேட், கப் மொத்த வியாபாரம் செய்கிறவன். கடனைப் பற்றி அவன் பேசினால் ஆராதனை போல இருக்கும்.

"மாமா, கடன அடைக்கிறது சம்சாரி புத்தி. கையில ரொக்கம் இருக்கணும், கடன் அது பாட்டுக்கு ஓடணும். நாளைக்கு ஆஸ்பத்திரின்னு ஒண்ணு வந்தா காரை வித்தா பில் கட்டுவீக?"

"வட்டி போகுதே மாப்ள."

"போகட்டும் மாமா. ரொக்கத்த டெபாசிட்ல போடுங்க, அங்கிட்டு வட்டி வரும்."

எஸ்தர் பேசும்போது அவள் சொல்வது சரி என்று பட்டது. ஜெபராஜ் பேசும்போது அவன் சொல்வதும் சரி என்று பட்டது. (வணிகவியல் ஆசிரியர் என்ற முறையில் எனக்கென்று ஒரு கருத்து இருந்திருக்க வேண்டும். இல்லை.) கடைசியில் யார் வீட்டில் சாப்பிடுகிறேனோ அவர் பேச்சைக் கேட்பது என்று முடிவுசெய்தேன்.

எஸ்தருக்கு அன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். தனியாகக் கிளம்பினேன். முதல்நாள் இரவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: அறுபது தவணையில் முப்பத்தாறு முடிந்தது, ஐந்து லட்சத்தில் மூன்று லட்சம் தீர்ந்தது, மிச்சம் இரண்டு லட்சம். இரண்டு லட்சத்துக்குக் காசோலை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் மாடியேறினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சார், நான் ஃபாத்திமா. ப்ளஸ் டூ பி செக்‌ஷன். அக்கவுண்டன்சியில நூத்துக்கு நூறு எடுத்தேன், நீங்க பேனா வாங்கிக் குடுத்தீங்க."

என் பேரழிவு அந்த இடத்தில் தொடங்கியது. வேறு யாராவது இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

கணினியைப் பார்த்துவிட்டு, "அசல் பாக்கி ரெண்டு லட்சத்து முப்பதாயிரம் சார். அதோட முன்கூட்டி அடைக்கிறதுக்குக் கட்டணம், அதுக்கு வரி" என்றாள்.

முப்பதாயிரம் எப்படிக் கூடியது என்று எனக்கு விளங்கவில்லை. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"ரெட்யூசிங் பேலன்ஸ்தானே சார். ஆரம்பத்துல வட்டி அதிகமா போகும், அசல் கொஞ்சமாத்தான் குறையும். நீங்க நடத்துனதுதான், உங்களுக்கு நான் சொல்லணுமா."

நான் நடத்தியது குறைந்துசெல் மதிப்பு முறைத் தேய்மானம். காரின் மதிப்பு வருடாவருடம் எப்படிக் குறைகிறது என்று சொல்லும் பாடம். காரின் கடன் எப்படிக் குறையாமல் இருக்கிறது என்பதைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் நூற்றுக்கு நூறு எடுத்த மாணவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஆமாமா, அதேதான்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். டாப்-அப் என்றாள். ஆட்டினேன். உங்களைப் போல ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு அடைப்புக் கட்டணம் தள்ளுபடி என்றாள். பலமாக ஆட்டினேன். "பழைய லோன நாங்களே குளோஸ் பண்ணிருவோம் சார்" என்றாள். இந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்கு முழுதாகப் புரிந்தது. நான் வந்ததே அதற்குத்தானே.

பதினொரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். காசோலையை நீட்டினேன்.

"அது வேணாம் சார், நீங்களே வச்சுக்குங்க. நீங்க கிளாஸ்ல எப்பவும் சொல்வீங்கல்ல, கையில ரொக்கம் இருக்கணும்னு."

பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு விளக்கம் தயாரித்துக்கொண்டேன். வரும் வழியில் அரைக் கிலோ அல்வா வாங்கினேன். "முடிஞ்சது" என்று எஸ்தரிடம் ஒரே சொல்லில் சொன்னேன். அவள் அப்பாவின் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அல்வாவைப் பிரித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தோம். போதகர் உறையைப் பிரித்து, "வாகனக் கடனிலிருந்து விடுதலை தந்த கிருபைக்காக ஆசிரியர் குடும்பத்தார்" என்று வாசித்தார். பின்வரிசைவரை திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைத் தாழ்த்தி அடக்கமாக இருந்தபோது எஸ்தரின் கைபேசி அதிர்ந்தது. எங்களுடையது கூட்டுக் கணக்கு.

அவள் என் பக்கம் சாய்ந்தாள். "என்னங்க, நம்ம கணக்குலருந்து பணம் போகணும்ல. ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம் வந்திருக்கு."

"சீக்கிரமா அடைச்சா திருப்பிக் குடுப்பாங்களா இருக்கும்" என்றேன்.

நான் சொன்னதை நானே நம்பினேன் என்பதுதான் இதில் கேவலம்.

வீட்டுக்கு வந்து எஸ்தர் தாள்களை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். பழைய கடன் அடைந்திருந்தது, சந்தேகமில்லை. நான்கு லட்ச ரூபாய்க்கு, நான்கு வருடத் தவணையில், அதே காரின் மேல் நான் புதிதாக வாங்கிய கடனால் அடைந்திருந்தது. கட்டணம் போக மிச்சம்தான் கணக்கில் வந்தது. டாப்-அப் என்றால் இதுதான். அவள் கோபப்படவில்லை. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "எங்கப்பாவுக்குக் கைநாட்டுத்தான். ஆனா எதுக்கு வைக்கிறோம்னு கேக்காம வச்சதில்ல" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை இருவரும் போனோம். எஸ்தர் ஃபாத்திமாவின் முன் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றாள். ஐந்தே நிமிடம். ஒரு தாளில் நாலு கோடு போட்டு ஃபாத்திமா விளக்கியதும் எஸ்தருக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த எனக்கும் புரிந்தது. ஃபாத்திமாவுக்குத்தான் முகம் சிறுத்துப்போனது. "சார் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடுறாங்கன்னு நெனச்சேன் மேடம்" என்றாள். அவள் மேல் என்ன தப்பு. புதுக் கடனை ஆறு மாதம் கழித்துத்தான் அடைக்க முடியும் என்பதையும் சொன்னாள்.

நாலாவது மாதம் எனக்குச் சிறுநீரகக் கல் வந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் கணக்கில் பணம் தயாராக இருந்தது, யாரிடமும் கையேந்தவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ஜெபராஜ் சொன்னான்:

"பாத்தியாக்கா, அன்னைக்கே சொன்னேன்ல. மாமா வெவரமான ஆளு."

"கல்லு வரும்னு தெரிஞ்சா கையெழுத்துப் போட்டாரு?" என்றாள் எஸ்தர்.

ஆறு மாதம் முடிந்த வாரமே அவள் தனியாகப் போய்க் கடனை அடைத்துவிட்டு வந்தாள். இந்த விவகாரத்தில் எங்களுக்கு லாபமா நஷ்டமா என்று இன்றுவரை தெரியாது. ஜெபராஜ் கணக்கில் லாபம், எஸ்தர் கணக்கில் நஷ்டம். என்னை யாரும் கணக்குக் கேட்பதில்லை.

போன வாரம் வாசலில் கூரியர்க்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். பேனாவை வாங்கினேன். அடுப்படியிலிருந்து எஸ்தரின் குரல் வந்தது: "என்னங்க, வாசிச்சுட்டுப் போடுங்க." உள்ளே எங்கள் மகள் சிரித்தாள்.

கூரியர்க்காரர் பதறிவிட்டார். "சார், இது குக்கருக்குப் போடுற ரப்பர்தான் சார்."

தாளின் இரண்டு பக்கமும் வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.