தெத்துப்பல்லுக்குப் பூட்டு

பல்லு சார் அன்னிக்கு ஒரு பெரிய முடிவு எடுத்தாரு. உயிரே போனாலும் பொண்டாட்டியோட தெத்துப்பல்ல நேராக விடக்கூடாது!

இத்தனைக்கும் அவரு வேலையே பல்ல நேராக்குறதுதான். டாக்டரம்மா வாய ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க. இவரு வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து, எந்தப் பல்லு எங்க நகரணும்னு பிளான் போடுவாரு. கண்ணாடி மாதிரி ஒரு உறையப் பல்லு மேல மாட்டிட்டா மட்டும் பல்லு நகர்ந்துடுமா? பிடிமானம் வேணாமா? அதுக்குப் பல்லு மேல, பல்லு நிறத்துலயே, கடுகு சைஸ்ல ஒரு பொட்டு ஒட்டுவாங்க. எந்தப் பல்லுல எந்த இடத்துல பொட்டுன்னு சொல்றதுல நம்ம ஆளு கில்லாடி.

இப்ப ஸ்கிரீன்ல வந்து நிக்கிறது வீட்டம்மா வாய். மேல் வரிசை, கீழ் வரிசை, ரெண்டும்.

கல்யாணத்துக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் கிளாஸ்ல, இவரு நாற்காலிச் சக்கரம் கழண்டு தரையில போய் உட்கார்ந்தாரு. எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அவ மட்டும் பொத்தாம சிரிச்சா. தெத்துப்பல் மெதுவா வந்து உதட்டு மேல உட்கார்ந்துச்சு. அன்னிக்கு விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கல.

இப்ப ஸ்கிரீன்ல அந்தத் தெத்துப்பல் மேல இருந்த பொட்ட அழிச்சாரு. சாஃப்ட்வேர் திரும்ப வச்சுது. அழிச்சாரு. வச்சுது. வீட்டுல பேச்சுக் கேட்காத ஆள் ஒண்ணு போதாதா? கடுப்புல, 'இது கட்டின பல், நகராது'ன்னு குறிச்சு, பூட்டுப் போட்டு அனுப்பிட்டாரு.

மறுநாள் வீட்டம்மா போனோட வந்தா.

"ஏங்க, எனக்கு எப்பப் பல்லு கட்டினாங்க?"

"என்ன... பல்லு?"

"டாக்டரம்மா லைன்ல இருக்காங்க. என் தெத்துப்பல்லு பொய்ப்பல்லாமே?"

"அது... எலும்பு கொஞ்சம் கெட்டி..."

"எலும்பு கெட்டின்னா பல்லு பொய்யாயிடுமா?"

"சாஃப்ட்வேர் சில சமயம்..."

"பாவம், அத ஏன் இழுக்குறீங்க? அது வைக்க வைக்க நீங்கதானே அழிச்சீங்க. பின்னாடிதான் நின்னேன்."

பல்லு சாருக்கு வேர்த்துடுச்சு.

"அது நேராயிட்டா, அன்னிக்குச் சிரிச்ச பொண்ண நான் எங்க போய்த் தேடுவேன்?"

அவ போனக் காதுல வச்சா.

"கேட்டீங்கல்ல டாக்டரம்மா? அவரு வாயாலயே வரும்னு சொன்னேன்ல?"

"அப்ப... பல்லு?"

"அத நேராக்கச் சொன்னது யாரு? எனக்குக் கீழ் வரிசை மட்டும்தான். மேல் வரிசையையும் சேர்த்து அனுப்புங்கன்னு நான்தான் சொன்னேன். இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அது பிடிக்கும்னு வாயத் திறந்து சொல்லியிருக்கீங்களா?"

பல்லு சார் அசடு வழிஞ்சுக்கிட்டே பிளான முதல்லேருந்து போட உட்கார்ந்தாரு. அவளும் பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டா. முதல் பொட்டு வச்சாரு.

"என்னங்க, கோணலா இருக்கே. கொஞ்சம் தள்ளி வைங்க."