நூறு ஜிபி வேலி

சனிக்கிழமை பின்னேரம் லவீனா தேவாலயத்துப் பாட்டுப் பயிற்சிக்குப் புறப்படும்வரை கொலின்ஸ் நல்ல பிள்ளையாக இருந்தான். அவளுடைய பாட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். குடையைத் துடைத்துக்கூடக் கொடுத்தான். குடை துடைக்கும் புருசனை லவீனா அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"என்ன, இண்டைக்கு உபசாரம் பலமாக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. நீர் போம், பிந்தப் போகுது. எப்ப வருவீர்?"

"பாட்டு முடிய வருவன். ஏன், பாத்துக்கொண்டு இருப்பியளோ?"

"சீச்சீ. ஆறுதலா வாரும்."

படலை சாத்திய சத்தம் கேட்டதும் கொலின்ஸ் கொம்பியூட்டருக்கு முன்னால் போய்க் குந்தினான். இன்றைக்கு அதை முடித்தே தீருவது என்று ஒரு வாரமாகத் தீர்மானித்து வைத்திருந்தான். லவீனாவின் பக்கத்திலிருந்து நூறு ஜிபியைத் தன் பக்கம் இழுத்துவிடுவது.

மானிப்பாயில் இருக்கும் அந்த வீடு, வளவு, கிணறு, மாமரம் எல்லாம் லவீனாவின் சீதனம். காணி உறுதியில் அவள் பெயர்தான். அந்த வளவுக்குள் கொலின்ஸ் தன்னுடைய ஆதனம் என்று சொல்லிக்கொள்ளக்கூடியது கொம்பியூட்டர் டிஸ்க்கில் பாதி மட்டுமே. வாங்கின அன்றைக்குத் தானே அதை லொஜிக்கல் வொலியூம் என்கிற இரண்டு தனிப் பகுதிகளாகப் பிரித்தான். ஒன்றுக்குக் 'கொலின்ஸ்' என்று பெயர், மற்றதுக்கு 'லவீனா'. அவளுடைய பக்கத்தில் தேவாலயத்துப் பாட்டுப் பதிவுகள். இவனுடைய பக்கத்தில் பழைய கிரிக்கெட் மச்சுகளும், யூரியூப்பில் அவன் போடும் லினக்ஸ் பாடங்களும். யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் அவன்தான் லினக்ஸ் ஆசிரியர். பாடங்களைப் பேசுவது இவன், வெட்டி ஒட்டித் திருத்துவது லவீனா.

போன மாதம் தொடக்கம் இவனுடைய பக்கம் நிரம்பி வழிந்தது. எதைப் போட்டாலும் இடமில்லை என்று அடம் பிடித்தது. லவீனாவிடம் நயமாகக் கேட்டும் பார்த்தான்.

"உமக்கு அவ்வளவு இடம் என்னத்துக்கு?"

"உங்கடை மச்சுகளை அழியுங்கோ. ஆர் வெண்டது எண்டு தெரிஞ்ச விளையாட்டை எத்தனை தரம் பாப்பியள்?"

அதோடு பேச்சு முடிந்தது. லவீனா சாவகச்சேரிக்காரி. அவளுடைய தகப்பன் சீவரத்தினம் மாஸ்டர் ஒரு முழ எல்லைக்காகப் பதினொரு வருடம் கோட்டு வழக்குக்கு நடந்து வென்ற மனிதர். அவருடைய மகளிடம் போய் எல்லையைப் பற்றி வாய்விட்டுக் கேட்டது தன்னுடைய பிழை என்று கொலின்ஸுக்குப் பிறகுதான் விளங்கியது. கேட்காமல் எடுப்பதுதான் வழி.

எடுக்கும் விதம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. வகுப்பில் அதற்கு ஒரு உதாரணம் வைத்திருக்கிறான். "அதாவது பிள்ளையள், வேலியை நகர்த்தி அரக்கிற மாதிரித்தான். எல்லையிலை வாழை நிக்கும், ஆட்டுக்கொட்டில் இருக்கும். முதல் அதுகளை உள்ளுக்கு ஒதுக்கவேணும். பேந்துதான் வேலியை அரக்கவேணும். வேலியை முதல் அரக்கினியளோ, உங்கடை ஆடு அடுத்த வளவுக்கை நிண்டு கத்தும்." யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வேலி என்றால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எல்லாவற்றுக்கும் முதல் வேறொரு டிஸ்க்கில் பிரதி, பக்கப், எடுக்கவேணும் என்பதும் அவனுடைய பாடம்தான். ஆனால் பக்கப் டிஸ்க் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரித் திறப்பு லவீனாவின் கைப்பையில் இருந்தது. திறப்பைக் கேட்டால் ஏன் என்பாள். ஆகவே பக்கப் மாணவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டான். எந்தப் பக்கம் எவ்வளவு பெரிது என்றும் பார்க்கவில்லை. தானே பிரித்த டிஸ்க்கைத் தானே அளந்து பார்ப்பானேன்?

லவீனாவின் பக்கத்தைக் கழற்றினான். பிழை ஏதும் உண்டா என்று சோதித்தான். அடுத்தது சாமான் ஒதுக்குவது. விரலைத் தூக்கியபோது வேலிப்பக்கமிருந்து குரல் வந்தது.

"தம்பி கொலின்ஸ், ஒருக்கா இஞ்சாலை வாரும்."

பக்கத்து வளவு சிமியோன் அண்ணை. கையில் கத்தி, காலடியில் வேலிக்கு நடுகிற கதியால் தடி ஒரு கட்டு.

"வேலி சரிஞ்சு போச்சு. புதுக் கதியால் போடப் போறன்."

கொலின்ஸ் வேலியைக் கிட்டப் போய்ப் பார்த்தான். மனைவியின் சீதன வளவில் ஒரு சாண் போனால் லவீனா தன்னை என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணை, உங்கடை வாழை எங்கடை பக்கம் சாயுது. முதல் அதை ஒதுக்குங்கோ. பேந்து கதியால்."

"வாழை என்ன செய்யுது உமக்கு?"

"முதல் ஒதுக்குங்கோ அண்ணை. அதுதான் முறை."

சிமியோன் அண்ணை முணுமுணுத்தபடி வாழையை வெட்டி இழுத்து ஒதுக்கினார். கதியால் பழைய குழியிலேயே இறங்கும்வரை கொலின்ஸ் காவல் நின்றான். எல்லையைக் காத்த பெருமையோடு வந்து கதிரையில் இருந்தான். சாமான் ஒதுக்கியாயிற்று என்று அவன் மூளை சொன்னது. ஒதுக்கினது வாழை என்று அது சொல்லவில்லை.

நேரே டிஸ்க்கின் வேலியை அரக்கினான். 'இது உமது தரவை அழிக்கக்கூடும், உண்மையாகத்தான் சொல்கிறீரா?' என்று லினக்ஸ் கேட்டது. இந்தக் கேள்வி படிக்கிற பிள்ளைகளுக்கு என்று நினைத்து, ஓம் என்று தட்டினான்.

பிறகு லவீனாவின் பக்கத்தைத் திறந்தான். திறக்கவில்லை. திரும்பத் தட்டினான். உள்ளே இருப்பது வெளி எல்லையை விடப் பெரிது, திறக்கமுடியாது என்று பதில் வந்தது. அப்போதுதான் வாழை ஞாபகம் வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதும் சேர்ந்து ஞாபகம் வந்தது. சீவரத்தினம் மாஸ்டர் சாவதற்கு முந்தின நத்தார்ப் பண்டிகை ஆராதனையில் தனியாகப் பாடின பாட்டு. அவருடைய குரலுக்கு இருந்த ஒரே பதிவு அதுதான். ஞாயிறு சமைக்கும்போது லவீனா அதைப் போட்டுவிடுவாள். கொலின்ஸும் குசினிக் கதவடியில் நின்று கேட்பான். அந்தக் குடும்பத்தில் அவனை ஒருநாளும் ஏசாத ஒரே ஆள் அந்த மாமாதான். அவனுக்கு அழுகை வந்தது. லவீனாவுக்குப் பயந்து அல்ல. பயமும் இருந்ததுதான்.

படலை திறந்தது. லவீனா குடையை மூலையில் சாத்திவிட்டு அவனுடைய முகத்தைப் பார்த்தாள்.

"குடை துடைக்கேக்கையே நினைச்சன். என்ன செய்தனீங்கள்?"

"உம்மடை பக்கம் திறக்குதில்லை."

"தானாவோ?"

"இல்லை."

"எவ்வளவு?"

"நூறு."

"உள்ளுக்கை ஒதுக்கிப்போட்டோ, நேரா வேலியோ?"

கொலின்ஸ் நிமிர்ந்து பார்த்தான். அது வகுப்பில் அவன் கேட்கிற கேள்வி.

"நேரா வேலி."

"வெட்டின துண்டை உங்கடை பக்கத்துக்குச் சேத்திட்டியளோ?"

"இன்னும் இல்லை."

"எழும்புங்கோ."

எழும்பினான். அவள் இருந்தாள்.

"அரக்கினது வேலி மட்டும். வாழை நிண்ட இடத்திலைதான் நிக்குது. எல்லை மாறமுதல் லினக்ஸ் பழைய உறுதியிலை ஒரு பிரதி எடுத்து வைக்கும். அதைத் திருப்பிப் போட்டால் சரி. பாடம் பதினேழு."

"அது நான் சொன்னதெல்லே?"

"நீங்கள் ஒருக்காச் சொன்னது. நான் மூண்டு தரம் கேட்டது. உங்கடை 'அதாவது'களை வேறை எப்பிடி வெட்டுறது?"

பழைய எல்லை திரும்பி வந்தது. அவள் ஒருமுறை சோதித்துப் பார்த்துத் திறந்தாள். திறந்தது. மாமாவின் பாட்டைத் தட்டினாள். அந்தக் கனத்த குரல் அறை முழுக்க எழும்பியது. கொலின்ஸ் கண்ணைத் துடைத்தான். லவீனா பாட்டை முடியும்வரை ஓடவிட்டாள்.

"உமக்குப் பயம் வரேல்லையே லவீனா? முதல் தரம் செய்யிற ஆள்..."

"எல்லை வேலை எனக்கு முதல் தரமில்லை. போன மாதம் ஒருக்கா அரக்கினனான். நத்தார் வீடியோவுக்கு இடம் காணேல்லை."

"எதை அரக்கினனீர்?"

"உங்கடை பக்கத்தை. நூற்றைம்பது."

ஒரு மாதமாகத் தன் பக்கம் ஏன் நிரம்பி வழிந்தது என்று அப்போதுதான் கொலின்ஸுக்கு விளங்கியது.

"ஒரு மச்சும் அழியேல்லைத்தானே? பக்கப் எடுத்து, உள்ளுக்கை ஒதுக்கி, பேந்துதான் அரக்கினனான்." லவீனா எழும்பிக் குசினிக்குள் போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "பாடம் பதினாலு. நீங்களும் ஒருக்கா இருந்து கேளுங்கோ, நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கிறியள்."