அக்கம்பக்கம் கட்டிக்கொடுத்த ஆர்.வி. பார்க்

முந்தின நாள் குழியில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு தவளை வேறு குடிவந்திருந்தது.

ஹாலிஸ் ப்ரூயிட் குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தான். தன் ஆர்.வி. பார்க்குக்கு வந்த முதல் விருந்தாளி வாடகை தராத ஆளாகப் போய்விட்டதே என்று அவனுக்கு வருத்தம்.

"தண்ணி இறங்குச்சா?" வாசலில் காபிக் கோப்பையோடு நின்று டார்லா கத்தினாள்.

"இறங்கிக்கிட்டே இருக்கு!"

"கீழ்ப் பக்கமாவா?"

ஹாலிஸ் தவளைப் பக்கம் திரும்பிக்கொண்டான். மனைவியின் கேள்விகளில் பாதிக்குப் பதில் தேவையில்லை என்பது அவன் அனுபவம். மீதிக்குப் பதிலே கிடையாது.

கிழக்கு டெக்ஸாஸின் சிவப்புக் களிமண்ணில், முள்ளும் ஓக் மரமுமாகக் கிடந்த பன்னிரண்டு ஏக்கரை அவன் வாங்கியிருந்தான். வீட்டையே வண்டியாக்கி ஊர் ஊராகப் போகிறவர்கள் வந்து நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம், கழிவுநீருக்கு வழி. இவ்வளவுதான் திட்டம். இதை நம்பித்தான் கேஸ் லாரி ஓட்டும் வேலையை விட்டான். வழியனுப்பு விழாவில் முதலாளி கேக் வெட்டி, கைகுலுக்கி, "சீக்கிரம் வந்துடு" என்றார்.

கவுண்டி என்னும் மாவட்ட நிர்வாகம் கொடுத்த கெடு நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் வரைக்கும்தான். அதற்குள் பார்க் திறக்காவிட்டால் மறுபடி லாரி. கழிவுநீர் மண்ணில் இறங்கும் என்று நிரூபிக்காமல் திறக்கவும் முடியாது. நிரூபிக்க வேண்டிய குழியில் தவளை நீச்சலடித்துக்கொண்டிருந்தது. அதைச் சரிபார்க்கக் கவுண்டி அனுப்பிய இன்ஸ்பெக்டர் இபார்ரா அம்மையார் வழியில் வந்துகொண்டிருந்தார்.

ஹாலிஸ் ஒரு வாளியை எடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான்.

"என்னடா பண்ற?" பக்கத்து நிலத்து வெல்டன் ஸ்டார்க்கி வேலிக்கு அந்தப் பக்கம் பொக்லைன் எந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே வந்திருந்தான்.

"சோதனை."

"வாளியாலயா? இடமே தப்புடா. மேட்டுல தோண்டணும். மேட்டுல மணல் இருக்கும். தள்ளு."

"இல்ல வெல்டன், மேட்டுல நான் ஏதோ..."

அந்த 'ஏதோ' என்பது போன வாரம் ஹாலிஸ் தன் கையாலேயே புதைத்த தண்ணீர்க் குழாய். அவன் சொல்லி முடிப்பதற்குள் மேட்டில் ஏறிய வெல்டனின் எந்திரம் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. தண்ணீர் ஓக் மரத்து உயரத்துக்குப் பீறிட்டது.

வெல்டன் எந்திரத்தை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மணல் இல்ல. ஆனா தண்ணி நல்லா வருது."

இன்ஸ்பெக்டர் இபார்ராவின் கார் சரியாக அப்போது உள்ளே நுழைந்தது. நுழைந்த வேகத்தில் அச்சுவரை சேற்றில் இறங்கியது. அன்று அந்த நிலத்தில் எதுவோ ஒன்று இறங்கிய வகையில் ஹாலிஸுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கண்ணாடியை இறக்கி அவர் கேட்டார். "சோதனைக் குழி இதுவா?"

"இல்ல மேடம், இது குழாய்."

"அப்ப குழி எங்க?"

"இந்தத் தண்ணிக்கு அடியில மேடம்."

இந்த நேரம் பார்த்தா கெய்லார்டு டப்ஸ் வரவேண்டும்? டிராக்டரோடு வந்தார். ஹாலிஸ் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மாட்டுப் பண்ணைக்காரரான கெய்லார்டு, கோழிப்பண்ணை வைக்கிறேன் என்று வந்த ஒரு கம்பெனியைக் கவுண்டிக் கூட்டத்தில் ஒற்றை ஆளாக நின்று பேசியே துரத்தியவர். அந்தப் பேச்சை இன்னமும் தீவனக் கடையில் நடித்துக் காட்டுகிறார்கள்.

"அண்ணே, ஒரு சின்ன கசிவு..."

கெய்லார்டு டிராக்டரிலிருந்து இறங்கி, இபார்ராவின் காரில் சங்கிலியைக் கட்டி இழுத்தார். முன்பக்க பம்பர் உடனே வந்தது. கார் வரவில்லை.

பம்பரைப் பத்திரமாகப் புல்மேல் வைத்துவிட்டு அவர் ஹாலிஸைப் பார்த்தார். "ஒரு வண்டி வந்தா எத்தன நாள் இருக்க விடுவ?"

தாக்குதல் தொடங்கிவிட்டது என்று ஹாலிஸ் நினைத்தான். "ரெண்டே வாரம்ண்ணே! அதுக்கு மேல ஒரு நாள் இருந்தாலும் நானே கழுத்தப் பிடிச்சு வெளிய அனுப்பிடுவேன்."

கெய்லார்டின் முகம் வாடிவிட்டது. "ரெண்டு வாரம் என்னய்யா கணக்கு? மாசக்கணக்குல இருக்கட்டுமே. மனுசங்கள அப்படி விரட்டலாமா?"

கோழிக் கம்பெனியை விரட்டிய வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை! ஹாலிஸ் உருகிப்போனான். அந்த நெகிழ்ச்சியில், கெய்லார்டு திறந்துபோட்டு வந்த வேலிக்கதவை அவன் கவனிக்கவில்லை. கெய்லார்டின் மாடுகள் கவனித்தன. வண்டிகளுக்கு மின்சாரம் கொடுக்க அவன் நட்டிருந்த புத்தம்புதுக் கம்பங்கள், முதுகு சொறிய வாகான உயரத்தில் இருந்தன. மாடுகள் வரிசையில் நின்று சொறிந்தன. கம்பங்கள் வரிசையில் சாய்ந்தன.

சாயங்காலம், ஒருவழியாகச் சேற்றிலிருந்து வெளியே வந்த காரின் பின் இருக்கையில் பம்பரை ஏற்றிக்கொண்டு இபார்ரா தீர்ப்புச் சொன்னார். "இந்த மண்ணுல எதுவும் இறங்காது. கழிவுத்தண்ணியச் சுத்தம் பண்ணி மேல தெளிக்கிற தொட்டி வைக்கணும். அப்புறம் கவுண்டிக் கூட்டத்துல வைப்போம். அக்கம்பக்கத்துல யாராவது வேணாம்னு சொன்னா அதோட சரி."

"எல்லாம் நன்றித் திருநாளுக்குள்ளயா மேடம்?"

"கார் ஓடினா நானே கூட்டத்துக்கு வர்றேன்" என்றார் அவர்.

அன்றைக்கு ஹாலிஸ் சாப்பிடவில்லை. டார்லா எதிரில் உட்கார்ந்து அவன் பங்கையும் சாப்பிட்டாள்.

"லாரி முதலாளிகிட்ட நான் பேசட்டுமா?" என்றாள்.

"காலைல பாப்போம்."

காலையில் பார்த்தால், வாசலில் ஊரே நின்றது. வெல்டன் பொக்லைனோடு. கெய்லார்டு டிராக்டரோடு. தேவாலயத்தில் தலையாட்டுவதோடு சரி என்றிருந்த குடும்பங்களெல்லாம் மண்வெட்டியோடு. பெண்கள் கையில் அலுமினியத் தாள் மூடிய பாத்திரங்கள். அடியில் பெயர் எழுதிய ஒட்டுத்தாள். பாத்திரம் திரும்பி வரவேண்டும் என்பதில் அந்த ஊருக்குச் சமரசம் கிடையாது.

"எதுக்கு இதெல்லாம்?" என்றான் ஹாலிஸ்.

"பக்கத்து வீட்டுக்காரங்க எதுக்கு இருக்கோம்?" என்றாள் வெல்டனின் மனைவி ட்ரூடி. "ஆமா, இங்கேருந்து எங்க வீட்டுக்கு நடந்து வர முடியுமா?"

"நடுவுல ஓடை இருக்கே. ரொம்பக் கஷ்டம்."

"அடடா" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பார்க்குக்கு வருபவர்களால் தன் வீட்டு அமைதிக்குப் பங்கம் வராது என்று சந்தோஷப்படுகிறாள் என ஹாலிஸ் புரிந்துகொண்டான்.

தொட்டி இறங்கியது. கம்பங்கள் எழுந்தன. சரளைக்கல் விழுந்தது. இவ்வளவு செய்தவர்களுக்குத் தானும் ஏதாவது செய்யவேண்டாமா? ஹாலிஸ் ஒரு பெரிய மாட்டு நெஞ்சுக்கறித் துண்டை வாங்கிப் புகையடுப்பில் ஏற்றினான். நன்றியில் விறகைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தான். ஒரு பொறி பறந்து வெட்டிக் குவித்திருந்த முட்செடியில் விழுந்தது. அங்கிருந்து தீ புதுப் பெயர்ப்பலகைக்குத் தாவியது.

ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவர்கள்தான் கையில் தட்டோடு கறிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

தீயை அணைத்துவிட்டு, கரி படிந்த முகத்தோடு எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "பலகை இல்லாட்டி என்னடா, வர்றவங்களுக்கு வழி நாங்க சொல்லிக்குவோம்" என்றான் வெல்டன்.

"இந்த ஊரப் போய் நான் தப்பா நினைச்சுட்டேனே டார்லா" என்று ஹாலிஸ் அவள் தோளில் சாய்ந்தான்.

"அழுது சட்டைய நனைக்காத. நேத்துதான் துவைச்சேன்."

கவுண்டிக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. தலைவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டார். "ப்ரூயிட்டோட ஆர்.வி. பார்க். பேச விரும்பறவங்க உண்டா?"

கெய்லார்டு எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். கோழிக் கம்பெனியை விரட்டியபோதும் தொப்பியைத்தான் முதலில் கழற்றினாராம். ஹாலிஸ் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தப் பார்க் வேணும்" என்றார் கெய்லார்டு. "இந்தக் குளிருக்குள்ள வேணும்." உட்கார்ந்துவிட்டார்.

"ஆமென்!" என்றது பின்வரிசை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தலைவர் இபார்ராவிடம் குனிந்து முணுமுணுத்தார். "இந்த ஊரு ஒரு விசயத்த ஆதரிச்சு நான் பாத்ததே இல்ல. நல்லா விசாரிச்சீங்களா?"

"தொட்டியெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் இபார்ரா.

அனுமதி கிடைத்தது.

நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை திறப்பு விழா. விடிந்ததிலிருந்தே அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வாசலில் கூடியிருந்தார்கள். ஹாலிஸ் ஒரு பழப்பெட்டியின் மேல் ஏறி நின்றான்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்று ஆரம்பித்தான். "கூடப் பிறந்தவங்ககூட இப்படிச் செய்யமாட்டாங்க. இந்த மண்ணுல தண்ணிதான் இறங்கல. உங்க அன்பு இறங்கிடுச்சு. நான் உங்களுக்கு என்ன கைம்மாறு செய்யப்போறேன்னு..."

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகழ்ச்சி கேட்டுக் கூச்சப்படுகிறார்கள் என்று ஹாலிஸ் எண்ணினான். அவர்கள்மேல் மரியாதை இன்னும் கூடியது.

தூரத்தில் புழுதி எழும்பியது. பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி, அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள்.

"டார்லா! பாத்தியா?" என்று துள்ளிக் குதித்து இறங்கியவன், கெய்லார்டைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினான். கெய்லார்டு இல்லை. வெல்டன் இல்லை. வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. பாத்திரங்களைக்கூட எடுத்துப் போயிருந்தார்கள்.

முதல் வண்டி வந்து நின்றது. கம்பளிச் சட்டையும் கையில் பின்னல் ஊசியுமாக ஒரு பெரியம்மா இறங்கி, நிலத்தைச் சுற்றிலும் ஒருமுறை திருப்தியாகப் பார்த்தார்.

"வாங்கம்மா வாங்க!" ஹாலிஸ் ஓடினான். "பலகைகூட எரிஞ்சு போச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? யாரு சொன்னா எங்க இடத்தப் பத்தி?"

பெரியம்மா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியது.

"எங்க மாப்பிள்ளை கெய்லார்டுதான், வருசா வருசம் குளிர் முடியற வரைக்கும் அவரு வீட்டு வாசல்லதான் கிடப்போம், பின்னாடி வர்றவங்களும் அப்படித்தான் அவங்கவங்க மாப்பிள்ளை வீட்டுல, ஆனா இந்த வருசம் இந்த ஊரு மாமியாருங்க அத்தன பேரையும் நான்தான் வெச்சுப் பாத்துக்குவேன்னு நீங்க ஒத்தக்கால்ல நிக்கிறீங்களாமே, நீங்க நல்லா இருக்கணும் தம்பி!"