ஒரு பொம்மைக்கு ஆறு சாவு

மயூர் விஹார், டெல்லி
ஞாயிறு காலை, காபிக்குப் பிறகு

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி வைத்தியநாதன் அவர்களுக்கு ராமமூர்த்தி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் சம்சாரம் வத்சலா, பிள்ளை கௌஷிக், தங்கள் புத்திரியும் எங்கள் மருமகளுமான சௌபாக்கியவதி ஜ்யோத்ஸ்னா ஆகிய நால்வரும் சௌக்கியம். டெல்லிக் காற்று ஒன்றுதான் சௌக்கியமில்லை. தீபாவளிக்குப் பிறகு வழக்கம்போல் படுத்த படுக்கையாக இருக்கிறது. திருச்சியில் தாங்களும் சம்பந்தி அம்மாளும், தங்கள் முழங்கால் வலி நீங்கலாக, சகல க்ஷேமத்துடன் இருக்க மலைக்கோட்டைப் பிள்ளையாரைப் பிரார்த்திக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், புதன்கிழமை தாங்கள் போன் செய்து, "என்ன சம்பந்தி, எம் பொண்ணோட ப்ராஜெக்டை இழுத்து மூடப் போறாளாமே? ஒத்திகையில எல்லாம் தலைகீழா ஆயிடுத்தாமே? பேங்க் வேலையை விடாதேன்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுண்டேன், யார் கேட்டா?" என்றீர்கள். நான் 'அதாவது' என்று ஆரம்பித்து அந்த வார்த்தையை முடிப்பதற்குள் பால்காரன் வந்துவிட்டான் என்று வைத்துவிட்டீர்கள். எனக்கு எதையும் ஆதியோடந்தமாகச் சொல்லித்தான் பழக்கம். அது போனுக்கு ஒத்துவரவில்லை. ஆகையால் எழுதுகிறேன். ஒத்திகையில் கோளாறு நடந்தது வாஸ்தவம். ப்ராஜெக்டை மூடுகிறார்களா என்பதைக் கடைசியில் சொல்கிறேன், தயவுசெய்து கடைசித் தாளை முதலில் புரட்ட வேண்டாம்.

முதலில் இந்தப் ப்ராஜெக்ட் என்ன என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கல்யாண வீடுகளில் 'இடிஞ்ச கட்டடத்துல ஆள் தேடற வேலை' என்று தாங்கள் சொல்லிவருவதாகக் கேள்வி. பூகம்பம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வருவதில்லை. இமயமலையில் ஒரு குலுக்குக் குலுக்கினால் காத்மாண்டுவிலும் கட்டில் ஆடுகிறது, மயூர் விஹாரிலும் கட்டில் ஆடுகிறது. ஆனால் உதவிக்குப் போகிற நம் குழுவின் கருவி சொல்வது நேபாளக் குழுவின் கருவிக்குப் புரியாது, ஐரோப்பாவிலிருந்து வருகிறவன் கருவிக்கு இரண்டுமே புரியாது. ஆகவே இந்தியாவும் நேபாளமும் ஐரோப்பாவில் ஒரு நாடும் அரசாங்கப் பணத்தை ஒன்றாகப் போட்டு, எல்லாக் கருவிகளையும் சேர்த்து ஓடவிட்டுச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கின்றன. டெல்லிச் சோதனைக்குத் தங்கள் பெண்தான் பொறுப்பு. நான் நிதி அமைச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்தவன். 'இது தோற்றாலும் தோற்கலாம்' என்று எழுதிப் பணம் கேட்ட ஒரு ஃபைலை நான் கண்டதில்லை. வந்திருந்தால் 'நேரில் பேசவும்' என்று எழுதித் திருப்பியிருப்பேன். ஜ்யோத்ஸ்னாவின் விண்ணப்பத்தில் தோற்பதற்கென்றே தனியாக ஒரு பத்தி இருக்கிறது. அதையும் படித்துவிட்டுத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஏற்பட்ட பெருமையில் நான் இரண்டாவது காபி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். முதல் கட்டப் பணம் இந்த மாதத்தோடு சரி. ஒத்திகை தேறினால்தான் இரண்டாம் கட்டம். தேறாவிட்டால் கருவிகள் பெட்டிக்குள்ளும் தங்கள் பெண் வீட்டுக்குள்ளும் இருக்க வேண்டியதுதான்.

ஒத்திகைக்கு டெல்லியில் எத்தனையோ இடம் இருக்க, எங்கள் சொசைட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் சிபாரிசு எதுவும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். கட்டடம் பழசு, மாடிப்படி குறுகல், லிஃப்ட் பாதி நாள் ஓடாது. இடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று ஐரோப்பாவிலிருந்து வந்த டாக்டரம்மாவே பாராட்டினாள். சொசைட்டித் தலைவர் சட்டா அதைக் கேட்டுப் பூரித்துப்போய்ப் புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். குடியிருப்பவர்களில் விருப்பமுள்ளவர்கள் அடிபட்டவர்களாக நடிக்க வேண்டும் என்றார்கள். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன், வத்சலாவும் கொடுத்தாள். பூங்காவில் சிமெண்டுப் பலகைகளைச் சாய்த்து இடிபாடு மாதிரி செய்து, ஆளுக்கோர் இடத்தில் படுக்கச் சொன்னார்கள். எனக்குக் காட்டிய இடத்தில் தலை வடக்கே வந்தது. மாட்டேன் என்றேன். "பூகம்பத்துல திசை பார்த்தா விழுவா, அப்பா?" என்று ஜ்யோத்ஸ்னா கேட்டாள். "நிஜ பூகம்பம் வரட்டும், அப்போ பார்த்துக்கலாம். ஒத்திகைக்கெல்லாம் வடக்கே தலை வைக்கறதா இல்லை" என்று தெற்கே திரும்பிப் படுத்தேன். அவள் வரைபடத்தில் என்னைத் திருப்பி வைத்தாள். இந்தப் பொறுமை தங்களிடமிருந்து வந்திருக்க நியாயமில்லை. சம்பந்தி அம்மாளிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டையை மாட்டினார்கள். அதற்குள் ஒரு சில்லு இருக்கிறது. ஆள் எங்கே கிடக்கிறார், என்ன நிலைமை என்பது டெல்லியிலும் காத்மாண்டுவிலும் ஐரோப்பாவிலும் ஒரே நேரத்தில் திரையில் தெரியும். சிவப்பென்றால் உடனே தூக்க வேண்டும். மஞ்சளென்றால் சற்றுப் பொறுக்கலாம். பச்சையென்றால் அவரே நடந்து வந்துவிடுவார். கறுப்பென்றால் காலமாகிவிட்டார், அடுத்தவரைப் பார்க்கவும். குலுக்கல் முறையில் கொடுத்ததில் வத்சலாவுக்குப் பச்சை வந்தது, எனக்குக் கறுப்பு. நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; ஓய்வு பெற்றவன் எந்தப் பதவி கொடுத்தாலும் ஏற்கத்தான் வேண்டும். கண்ணை மூடிக் காலமாகிக் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் என்னவோ ஊர்கிறதே என்று கண்ணைத் திறந்தால், வத்சலா என் அட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். வேப்பமரத்தடியில் ஆளுயர ரப்பர் பொம்மை ஒன்றை, ஆள் போதாததற்கு, மஞ்சள் அட்டை மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். என் கறுப்பை அதன் கழுத்தில் போட்டுவிட்டு, அதன் மஞ்சளைக் கொண்டுவந்து எனக்குப் போட்டாள். "இது சர்க்கார் பதிவுடீ, கை வைக்கப்படாது" என்றேன். "பொம்மைக்கு உசிர் இல்லேன்னு எழுதினா அது பொய்யா? உங்களுக்கு இல்லேன்னு எழுதினாத்தான் பொய்" என்றாள். சர்வீஸில் ஒரு ஃபைலில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதவன் நான். அப்படிப்பட்டவன் கண்ணெதிரே அரசாங்கப் பதிவு திருத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அதற்கு மேல் பேச என் பாத்திரத்தில் இடமில்லை.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. சட்டாவின் சம்சாரம் இதைப் பார்த்துவிட்டாள். போன மாதம்தான் புருஷன் ஆயுசுக்காகக் கர்வா சௌத் விரதம் இருந்து, நிலாவைப் பார்த்த பிறகே தண்ணீர் குடித்தவள், அவருடைய புதுக் கோட்டின்மேல் கறுப்பு அட்டை தொங்குவதை எத்தனை நேரம் பொறுப்பாள்? "ஹே பக்வான்" என்று ஒரு பெருமூச்சு விட்டுக் கழற்றினாள். அவளைப் பார்த்து மூன்றாம் மாடிப் பெங்காலி அம்மாள், அந்த அம்மாளைப் பார்த்து இன்னும் மூன்று பேர். கடைசியில் ஆறு கறுப்பு அட்டைகளும் அந்த ஒரு பொம்மையின் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மாற்றிக்கொள்ள மஞ்சள் ஒன்றுதான் இருந்தது, அது எனக்கு வந்துவிட்டதால், மற்ற ஐந்து ஆண்களும் அட்டையே இல்லாமல் எழுந்து உட்கார்ந்து அரசியல் பேச ஆரம்பித்தார்கள். திரையில் என்ன தெரியும்? பூங்காவின் நாலா மூலையிலும் தனித்தனியே கிடந்த ஆறு பேர் திடீரென்று ஒரே வேப்பமரத்தடியில் ஒரு முழ இடத்தில் குவிந்து மாண்டிருக்கிறார்கள். அங்கே மறுபடி நிலம் சரிந்திருக்கிறது என்று காத்மாண்டு முடிவு கட்டியது, ஐரோப்பா ஆமோதித்தது. ஹெல்மெட் போட்ட குழு, டிரோன், மோப்ப நாய், ஆறு ஸ்ட்ரெச்சர், எல்லாம் வேப்பமரத்துக்கு ஓடின. மோப்ப நாய் பொம்மையை முகர்ந்துவிட்டுத் திரும்பி அவர்களை ஒரு பார்வை பார்த்தது. எங்கள் ஜாயிண்ட் செக்ரட்டரி அரைகுறைக் குறிப்பு எழுதியவர்களை அப்படித்தான் பார்ப்பார். சிவப்பு அட்டையோடு பலகைக்கடியில் நிஜமாகவே முதுகு வலிக்கக் கிடந்தவர்களை யாரும் சீண்டவில்லை. அவர்களில் ஒருவர் தானே எழுந்து வந்து, "பாய் சாப், மேரா நம்பர் கப் ஆயேகா?" என்று தன் முறை எப்போது வரும் என விசாரித்துவிட்டுப் போனார்.

என் கதியைக் கேளுங்கள். மஞ்சள் அட்டையின்படி எனக்கு இடது தொடையில் எலும்பு முறிவு. காற்றடைக்கிற கட்டு ஒன்றை இடுப்பிலிருந்து பாதம்வரை மாட்டி ஊதினார்கள், கால் சுரைக்காய் மாதிரி ஆகிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, கேட்டைத் தாண்டி, பால் பூத்தைத் தாண்டி, தெருவே வேடிக்கை பார்க்கக் கொண்டுபோனார்கள். பால் பூத்காரன் பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டான். நான் படுத்தபடியே, ஒன்றுமில்லை என்று கையாட்டினேன். கூடாரத்தில் டாக்டரம்மா வந்து வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கவில்லைதான், ஆனால் மூன்று நாட்டுச் செலவில் இத்தனை பேர் தூக்கிவந்த பிறகு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. கொஞ்சம் வலிக்கிறது என்றேன். வத்சலா என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

சாயங்காலம் விசாரணை வந்தது. யார் முதலில் மாற்றியது என்று கேட்டபோது வத்சலா தயங்காமல், "நான்தான்" என்று சொல்லிவிட்டாள். ஜ்யோத்ஸ்னாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு வருஷ உழைப்பு, சம்பந்தி. வீட்டுக்கு வந்து தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என் அனுபவத்தால் உபகாரம் செய்யலாம் என்று, "'தவிர்க்க இயலாத காரணங்களால்'னு ஒரு வரி போடும்மா, அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தோத்தா எப்படித் தோத்ததுன்னு எழுதறதுக்குத்தான் பணம் கொடுத்திருக்கா, அப்பா. எழுதலேன்னாத்தான் அது ஜனங்க பணத்தை வீணாக்கினது" என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அமைச்சகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டிய வாக்கியத்தை வாழைக்காய்க் கறிக்கு நடுவில் சொல்கிறாள் இந்தப் பெண். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள். யார் என்பதை மட்டும் 'குடும்பத்தினர் ஒருவர்' என்று போட்டு வத்சலாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். பணம் கொடுத்த மூன்று நாட்டு அதிகாரிகளும் இருந்தார்கள், பாதிப் பேர் திரையில். குடியிருப்போர் சார்பில் நானும் சட்டாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஜ்யோத்ஸ்னா எழுந்து பொம்மை, நாய், வேப்பமரம் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நேபாளத்திலிருந்து வந்த இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஹிந்தியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: எங்கள் ஊர் பூகம்பத்தில் என் சித்தப்பா கையில் கறுப்பு நாடா கட்டிவிட்டுப் போனார்கள். சித்தி அதை அவிழ்த்து எறிந்துவிட்டு, அந்தப் பக்கம் வந்த ஒவ்வொரு குழுவையும் கையைப் பிடித்து இழுத்தாள். நாம் இத்தனை கருவி செய்திருக்கிறோம், அவளை ஒருவரும் நினைக்கவில்லை, என்றார். ஜ்யோத்ஸ்னா சொன்னாள், இனி எல்லா அட்டையும் வெள்ளையாகவே இருக்கட்டும், நிறம் மீட்புக் குழுவின் கருவியில் மட்டும் தெரியட்டும். கறுப்பு வந்தால் அந்தக் குடும்பத்தோடு உட்கார ஓர் ஆளைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று. நிஜ பூகம்பத்தில் தெரியவந்திருக்க வேண்டிய குறை ஒரு ரப்பர் பொம்மையோடு போயிற்றே என்றாள் டாக்டரம்மா. இரண்டாம் கட்டத்துக்குப் பணம் அங்கேயே முடிவாயிற்று. அடுத்த சோதனை காத்மாண்டுவில், மூன்று நாட்டுக்கும் சேர்த்துப் பொறுப்பு தங்கள் பெண். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அரசாங்கக் கூட்டங்களில் அப்படிச் செய்வது முறையில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் தட்டினேன்.

ஆகவே கல்யாண வீடுகளில் இனி யாராவது கேட்டால், மூன்று நாட்டுக்குப் பொறுப்பானவள் என் பெண் என்று தாங்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம், எங்கள் மருமகள் என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் போதும். சம்பந்தி அம்மாளுக்கு என் நமஸ்காரம், வீட்டில் என்னைவிடச் சின்னவர்கள் எல்லோருக்கும் ஆசீர்வாதம், தங்கள் முழங்காலுக்கு என் விசேஷ விசாரணை.

இப்படிக்கு,
பெருமையில் கை கொள்ளாமல் எழுதும்
ராமமூர்த்தி

பி.கு. மாமாவுக்கும் மாமிக்கும் வத்சலா நமஸ்காரம். கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு இவர் காய்கறி வாங்கப் போயிருக்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துப் பார்த்தேன். ஜ்யோத்ஸ்னாவைப் பற்றி எழுதியிருப்பது அத்தனையும் சத்தியம். மற்றதில் ஆளை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கார்டு வந்தது எனக்கு. பச்சை இவருக்கு. கால் சுரைக்காய் ஆனதும், பால் பூத்காரனுக்குக் கையாட்டினதும் நான்தான். என் செருப்பைத் தூக்கிண்டு பின்னாலே வந்தது இவர். பொம்மைக்கு உசிர் இல்லேன்னா பொய்யான்னு அங்கே யாரும் கேக்கலை, அதை இன்னிக்குக் காபி குடிக்கும்போது கண்டுபிடிச்சிருக்கார். விசாரணையில் இவர் முகம் போன போக்கைப் பார்த்து, பாவம், இத்தனை வருஷம் காப்பாத்தின பேரு போயிடப்போறதேன்னு நான்தான்னு சொல்லிவிட்டேன். ஜ்யோத்ஸ்னாவுக்கு எல்லாம் தெரியும், டிரோன் மேலேயிருந்து படம் பிடித்திருக்கிறது. அவள் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் எனக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தார்கள். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. அத்தனை நாளும் இவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்று கௌஷிக் சொன்னான். மனுஷருக்கு ஒன்றும் உறைக்காது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். அன்றைக்குப் பூங்காவில் என் கழுத்திலிருந்து அந்தக் கார்டை இவர்தான் கழற்றினார். பொம்மைக்கு மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, குனிந்து, என் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். நான் அப்போது படுத்தபடியே சட்டா மாமிக்குப் புளிக்காய்ச்சல் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தேன்.