பன்னிரண்டு பெட்டி நண்டும் ஒரு சயிக்கிளும்

ஒரு நாள் பார்த்ததை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவது பத்திரிகைக்காரர்களின் தொழில் வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்த காலத்தில்தான் இது நடந்தது.

மன்னார்த் தீவிலிருந்து மீன் வெளியே போகக் கடலுக்கு மேலால் ஒரே தாம்போதிப் பாதைதான். எங்கள் ஊர் பேசாலையில் குளிர்ப்பெட்டி வைத்த லொறிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. நல்ல மீன்பாடு கிடைக்கும் நாளில் லொறியில் இடம் இருக்காது. லொறியில் இடம் இருக்கும் நாளில் பாடு இருக்காது. ஆனால் தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு ரயில் ஓடுகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் அதன் கடைசியில், காட் இருந்து சாமான் ஏற்றும் காட் பெட்டியை எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சயிக்கிள் மட்டும் நின்றது. அந்த ஒற்றைச் சயிக்கிளை வைத்து அரைப் பக்கக் கட்டுரை எழுதினேன். தலைப்பு: 'மன்னார் மீனுக்கு ரயிலே விடை'. (லொறிக்காரர்களைக் குறை சொல்லி இரண்டு பந்தி. அவை தேவையில்லை என்று ஆசிரியர் சொன்னார். நான் விடவில்லை.)

கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்ட ஒரே வாசகர் என் அக்காவின் புருசன் மரியதாஸ் அத்தான். நண்டு வலை போடுபவர். கொழும்பில் ஓர் ஏற்றுமதிக்காரரைப் பிடிக்க இரண்டு வருடம் அலைந்தவர். அந்த ஏற்றுமதிக்காரர் ஆகஸ்ட் மாதம் தானாகவே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஐஸ் கரையாமல் பன்னிரண்டு பெட்டி வந்தால் வருடம் முழுக்க அத்தானிடமே எடுப்பதாகச் சொன்னார். வராவிட்டால் இனிக் கூப்பிடமாட்டார்.

அவர் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. அது மடு மாதா கோயில் திருவிழா வாரம். ஊரில் பாதி கடலுக்குப் போகவில்லை. லொறிகள் எல்லாம் சனத்தையும் கூடாரச் சீலையையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு மடுக் காட்டுக்குப் போய்விட்டன. எங்கள் தெருவின் மீன் லொறியை ஓட்டும் யேசுராசா அண்ணையும் போய்விட்டார்.

"றெயில் இருக்கு அத்தான்," என்றேன்.

அத்தான் வெட்டி வைத்திருந்த கட்டுரையை எடுத்துப் பார்த்தார். "நீ கூடப் போவியோ பிள்ளை?"

"போறன்."

வீட்டில் இருந்த, ஐஸ் தாங்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டிகள், முந்திய வருடம் எங்கள் தெருவே மடுவுக்குச் சாமான் கொண்டுபோனவை. மூடிகளில் நீலப் பெயின்ற்றில் 'பேசாலை - மடு' என்று எழுதியிருந்தது. சுரண்ட நேரம் இல்லை. 'கொழும்பு' என்று பத்திரிகைக் கந்தோரில் அச்சடித்த தாள்களை மேலே பசையால் ஒட்டினேன். எழுத்து அழகாக வரவேண்டும் என்று மூன்று தரம் அச்சடித்தேன். ஐஸ் பெட்டி வியர்க்கும், வியர்த்தால் பசை விடும் என்பதை யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

வெள்ளி காலை ஸ்டேஷனில் அத்தான் சொன்னார்: "பெட்டியோடயே இரு பிள்ளை."

"அத்தான், இது லொறி இல்லை. ஆரும் காவல் இருக்கத் தேவையில்லை. அதுதான் றெயில்."

நான் போய்ப் பயணிகள் பெட்டியில் யன்னலோரம் உட்கார்ந்தேன். அடுத்த கட்டுரைக்குக் குறிப்பு எடுக்க வேண்டியிருந்தது.

மடு றோட் ஸ்டேஷனில் ரயில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. காட் பெட்டியிலிருந்து யாத்திரிகர்கள் மூட்டைகளை இறக்கினார்கள். வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, ஒன்றையும் கீழே போடாமல் இறக்கினார்கள். நான் மெய்மறந்து குறிப்பெடுத்தேன். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது: 'வெள்ளைப் பெட்டிகள் 12. இறக்க எடுத்த நேரம் மூன்று நிமிடம். லொறியில் இது சாத்தியமா?'

அடுத்த ஸ்டேஷன் செட்டிகுளம் வரும்போது அத்தான் போனில் கூப்பிட்டார். "பெட்டியள் எப்பிடி?"

"பாத்திட்டுச் சொல்லுறன்," என்று எழுந்தேன். எழும்போதே குறிப்பில் இருந்த '12' கண்ணில் பட்டது.

காட் பெட்டியில் ஒரு சயிக்கிள் நின்றது.

"எல்லாம் மடு போச்சு மிஸ்," என்றார் காட், சிரித்துக்கொண்டே. அவர் தமிழ் பழகிக்கொண்டிருந்த சிங்களவர். "சனம் நல்ல சனம். பெயர் வாசிச்சு, வாசிச்சு இறக்கினது." தரையில் என் 'கொழும்பு'த் தாள்கள் ஈரமாக ஒட்டிக் கிடந்தன.

செட்டிகுளத்தில் இறங்கி ஓடினேன். கிடைத்த ஓட்டோவில் மடு றோட் ஸ்டேஷனுக்குத் திரும்பினால், பெட்டிகள் ட்ரக்டரில் கோயிலுக்குப் போய்விட்டன. மறுபடி ஓட்டோ. வெயில் ஏற ஏற என் மனதில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

"பெட்டியள் ஒண்டாத்தானே இருக்கு?"

"ஓம் அத்தான். பன்னிரண்டும் ஒண்டாத்தான் இருக்கு." (பொய் எழுதக்கூடாது என்று பயிற்றப்பட்டவள். எங்கே என்று அவர் கேட்கவில்லை.)

மடுவில் ஆயிரம் கூடாரங்களுக்கு நடுவே பேசாலைக்காரர் இருந்த வரிசையைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று. மரநிழலில் யேசுராசா அண்ணையின் லொறி. லொறிக்குள் என் பன்னிரண்டு பெட்டிகளும் ஈரச் சாக்கால் மூடியபடி இருந்தன.

"தூக்கினவுடனே தெரிஞ்சுது, சட்டி பானை இல்லை எண்டு," என்றார் யேசுராசா அண்ணை. "உன்ர அத்தான்ர பெட்டி. ஆரும் வருவினம் எண்டு வைச்சிருந்தனான்." கொஞ்சம் நிறுத்தினார். அவரும் அந்தக் கட்டுரையை வாசித்திருக்கிறார். "றெயிலே விடை எண்டு எழுதினனி. விடையை ஏன் பிள்ளை இடையில இறக்கினனி?"

நான் அழுதேன் என்று அக்கா சொல்வாள். கண்ணில் தூசி விழுந்தது என்பது என் பதிவு.

"அண்ணை, ஆறு மணிக்குள்ள கொழும்பு போகவேணும்."

"இண்டைக்குப் பின்னேரம் கோயிலில வேஸ்பர் ஆராதனை," என்றார் அவர் மனைவி, வெங்காயம் உரித்தபடி, நிமிராமல்.

யேசுராசா அண்ணை கோயில் பக்கம் ஒருமுறை பார்த்தார். மனைவியின் பக்கம் பார்க்கவில்லை. "மாதா விளங்கிக்கொள்ளுவா. இவதான்..." என்று முணுமுணுத்துக்கொண்டே லொறியில் ஏறினார்.

கொழும்பு வரை அவர் என்னோடு பேசியது ஒரே தரம். புத்தளத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, "அந்த ரெண்டாவது பந்தி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார். ஓம் என்றேன்.

போய்ச் சேர ஆறு நாற்பது. ஏற்றுமதிக்காரர் கேற்றைப் பூட்டிக்கொண்டிருந்தார். மறுபடி திறந்து, ஒவ்வொரு மூடியாகத் தூக்கி, நண்டை முகர்ந்து பார்த்தார். நாலு பெட்டியைத் தள்ளி வைத்தார். எட்டை எடுத்தார். "மற்ற ஆக்கள் வரவேயில்லை," என்றார். "அடுத்த கிழமையும் அனுப்பச் சொல்லுங்கோ. லொறியில."

ரயில்தான் விடை என்று இன்றும் நம்புகிறேன். வீட்டில் அதை வாய் திறந்து சொல்வதில்லை. சாவியோ கண்ணாடியோ காணாமல் போனால், "மடு றோட்டில இறங்கியிருக்கும்," என்கிறாள் அக்கா.

அத்தான் பழைய பெட்டிகளை எறியவில்லை. அடுத்த கிழமையே சிவப்புப் பெயின்ற் வாங்கி, ஒவ்வொரு பெட்டியிலும் நாலு பக்கமும் 'மடு இல்லை' என்று எழுதினார். புதுப் பெட்டி வாங்கினாலும் அதையே எழுதுகிறார். கொழும்பில் அதை அவருடைய கொம்பனியின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். காசுச் சிட்டையிலும் அப்படியே வருகிறது. அத்தான் முதலில் திருத்திப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

நேற்றும் போன் அடித்தது. அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்தார்.

"ஓம், மடு இல்லைதான் கதைக்கிறன். சொல்லுங்கோ."